அக்காவுக்கு அரை விரற்கடை கூடுதல்

அக்கா விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது நான் முதலில் நம்பியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாவட்டம் முழுக்க நான் செய்துகொடுத்த பதினொரு ஜோடிச் செருப்பும் அந்த நிமிஷமே ஆட்களைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று நம்பினேன். விருதுநகர் மிளகாய் மண்டியில் ஒருவர் மூட்டை மேல் குப்புறக் கிடக்கிறார். சாத்தூரில் ஒரு டீச்சர் சர்ச் படியில் உருள்கிறார். இருக்கன்குடியில் ஒரு பூக்காரம்மா கூடையோடு சரிகிறார். எல்லாம் ஒரே நேரத்தில், யாரோ விசில் ஊதின மாதிரி. அடுத்தபடியாக ஒரு போலீஸ் ஜீப் வந்து என் பட்டறை வாசலில் நிற்கிறது. அதற்கும் பிறகுதான் அக்கா மனதில் வந்தாள். வரிசையைக் கவனியுங்கள். அந்த வரிசை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன் செய்தவர் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை. காலையில் வேலைக்கு நுழையும்போதே விழுந்துவிட்டாளாம், சிவகாசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம், கையில் எலும்பு போயிருக்கும் போலத் தெரிகிறதாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி இது:

“கால்ல என்ன போட்டிருந்தா?”

அத்தான், “உன் செருப்புதான்” என்றார். “சரி, கெளம்பி வா.”

செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே செருப்புக்காரன் இல்லை. பதினெட்டு வருஷம் சிவகாசியில் அச்சகங்களுக்கு டை செய்துகொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கான அட்டையை வடிவமாக வெட்டுவதற்கு, மரப்பலகையில் எஃகு பிளேடை வளைத்துப் பதிக்க வேண்டும். அதுதான் டை. வளைப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. பிறகு விருதுநகரில் சின்னதாக ஒரு பட்டறை போட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ய ஆரம்பித்தேன். மதுரையில் ஒரு கால் டாக்டர் என்னிடம் ஆட்களை அனுப்புவார். ஒருநாள் அவரே ஒரு காகிதத்தில் படம் வரைந்து, அடிப்பாகம் வளைந்த செருப்பு செய்ய முடியுமா என்று கேட்டார்.

விஷயம் எளிதானது. சிலருக்குக் கட்டைவிரல் மூட்டு இறுகிப்போய்விடும். நாம் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும், பாதம் தரையை விட்டு எழுவதற்கு முன் அந்த மூட்டு மடங்கியாக வேண்டும். இறுகினவர்களுக்கு அந்த மடங்கலில்தான் உயிர் போகும். அடிப்பாகத்தை மடங்காதபடி கெட்டியாகச் செய்து, முன்பக்கத்தைப் படகு மூக்கு மாதிரி மேல்நோக்கி வளைத்துவிட்டால் மூட்டுக்கு வேலையில்லை. பாதம் அப்படியே உருண்டு அடுத்த எட்டுக்குப் போய்விடும். நடையே மாறிவிடும். எட்டு கொஞ்சம் சின்னதாகும், கொஞ்சம் வேகமாகும். பின்னாலிருந்து பார்த்தால் ஆள் ஏதோ நல்ல காரியத்துக்குப் போகிற மாதிரி தெரியும்.

வளைவு நல்லது என்றால் முன்னாலும் பின்னாலும் வளைத்தால் இரண்டு மடங்கு நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. முதல் ஜோடியை அப்படிச் செய்து நானே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். டீக்கடைவரைக்கும் போய்ச் சேர்ந்தேன். நிற்கத்தான் முடியவில்லை. டீ கிளாஸை வாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கடைக்காரர், “என்ன அண்ணாச்சி, தொட்டில மாட்டிக்கிட்டு வந்திருக்கீக?” என்று கேட்டார். டீ பாதி சட்டையில். அதோடு பின்பக்க வளைவைக் கைவிட்டேன்.

அடுத்தது கால்தடம். பாதம் எங்கே அமுங்குகிறது என்று பார்க்க, ஈரக்காலோடு தாளில் நடக்கவிடுவேன். தாளுக்குப் பஞ்சமில்லை. பழைய அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளைப் பின்பக்கம் மேலே தெரிய விரித்தும் ஒருத்தரும் மிதிக்கவில்லை. ஒவ்வொருவரும் குனிந்து ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் லட்சுமி. மன்னிப்பு கேட்டுத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எட்டிப் போனார்கள். பிறகு அச்சகத்துக்குத் திரும்பப் போய், அருவியும் ரோஜாப்பூவும் போட்ட தாளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் மாவட்டத்துக் காலெல்லாம் அருவி மேல் நடந்துதான் எனக்கு அளவு கொடுத்திருக்கிறது. இப்படி எதையெல்லாமோ யோசித்தேன் என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. எதை யோசிக்கவில்லை என்பது பின்னால் வருகிறது.

அக்காவுக்கு அந்த வியாதி வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவளுக்குச் சரவெடி பின்னுகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் பட்டாசுக் கம்பெனியில் ஷெட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்காது. ஒன்றில் ஏதாவது ஆனால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். வேன் கேட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அவளுடைய ஷெட் கடைசி. கரிசல் மண் பாதையில் அந்தத் தூரத்தை நடக்க முடியாமல், இந்தத் தீபாவளி சீசனோடு நின்றுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்றும் அதே மூச்சில் சொன்னாள். சரம் பின்னும்போது பக்கத்தில் பேசுவதற்கு நாலு பேர் வேண்டும் அவளுக்கு.

நான் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர் அவள் காலுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார். வளைவு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று அதில் ஒரு கோடு போட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் என் திருட்டு. மற்ற பத்துப் பேருக்கும் அந்தக் கோட்டை நூல் பிசகாமல் வெட்டினவன், அக்காவுக்கு வெட்டும்போது கோட்டை அரை விரற்கடை பின்னால் தள்ளினேன். முன்பக்கத்தையும் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். ஏன்? அக்கா என்பதால். அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், ‘போதும்’ என்று சொல்லி யாரும் நிறுத்திவிட முடியாது. கையை மறைத்தால் விரலிடுக்கு வழியாகக் குழம்பு ஊற்றுவாள். அப்படிப்பட்டவளுக்கு மற்றவர்களுக்குச் செய்கிற அளவிலேயே செய்தால் என்ன முறை? சொந்தக்காரிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். குணமாவதும் கூடுதலாக இருக்கும் என்று ஒரு கணக்கு. டாக்டரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. இன்னொன்றுக்கு மட்டும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் ஆணி அடித்த செருப்பு ஆகாது, பொறி தட்டும் என்று ஒரு ஆணிகூட இல்லாமல் பசையிலேயே ஒட்டி முடித்தேன். பொறிக்குப் பயந்தவனுக்கு ஆள் விழுவாள் என்று தோன்றவில்லை.

மூன்று வாரம் போட்டு நடந்தாள். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். அவள் நடையைப் பார்த்து ஷெட்டில் இருந்தவர்கள், பொண்ணு பார்க்கவா போறீக என்று கேட்கிறார்களாம். நான் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் இந்த போன்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குத் திருத்தங்கல் வழியாகப் போனால் என் பைக்கில் முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வண்டி நேராக மிளகாய் மண்டிக்குப் போனது. செருப்புகளையெல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும், அடுத்த ஆள் விழுவதற்குள். வெளியே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அது. உள்ளே இன்னொன்று இருந்தது. பதினொரு ஜோடியுமே தப்பு என்று ஆகிவிட்டால் தப்பு படத்தின் மேல் போகும், டாக்டர் மேல் போகும். பத்து ஜோடி சரி, ஒன்று மட்டும் தப்பு என்றால் அது நேராக என் அரை விரற்கடையில் வந்து நிற்கும். மற்றவர்களின் செருப்பும் கெட்டதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். மற்றவர்கள் என்றால், அந்தச் செருப்புக்குள் இருந்த கால்களும் சேர்த்துத்தான்.

மண்டியில் எடை போடும் அண்ணாச்சி வற்றல் குவியலுக்கு நடுவே என் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். குப்புற விழவில்லை. நான் நாலு தும்மல் தும்மிவிட்டு, செருப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும், கொடுங்கள் என்றேன். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“கொடுத்ததத் திருப்பிக் கேக்குற கடைய இப்பதான் பாக்கேன். முன்னால தள்ளிவிடுத மாதிரி இருக்கு, அதாம்யா சொகமே. நீரு போயி வேற ஆளப் பாரும்.”

வெளியே வந்ததும் மனைவியின் போன். எங்கன இருக்கீக என்றாள். ரயில்வே கேட்டில் நிற்கிறேன் என்றேன். ஜங்ஷன் ஊரில் அது ஒரு வசதி. எந்த நேரத்தில் சொன்னாலும் நம்புவார்கள்.

சாத்தூரில் டீச்சர் வீடு. ரிட்டயர் ஆகி ஐந்தாறு வருஷம் ஆனவர். என்னைக் கண்டதும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். செருப்பு அருமையாக இருக்கிறதாம். ஒரே ஒரு குறை. ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது உடம்பு தன்னால் முன்னும் பின்னும் அசைகிறதாம்.

“பக்கத்துல நிக்கிறவங்க நான் ஆவியில நெறஞ்சுட்டேன்னு நெனைக்காங்க தம்பி. போன வாரம் ஒருத்தங்க வந்து, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க.”

வேறு நாளாக இருந்தால் தரையில் புரண்டு சிரித்திருப்பேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது ‘அசைகிறது’ என்ற ஒரு சொல்தான். அசைகிறதா, அப்படியானால் கொடுத்துவிடுங்கள், ஆபத்து, ஒருவர் விழுந்துவிட்டார் என்று படபடத்தேன். யாரு விழுந்தது என்று கேட்டார். ஒரு கஸ்டமர் என்றேன்.

சொன்ன பிறகு பாதிக் காப்பியோடு கிளாஸை எடுத்துக்கொண்டு போய் அலம்பும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். டீச்சர் செருப்பைத் தரவில்லை. நின்றால்தானே ஆடுகிறது, நடந்தால் நன்றாக இருக்கிறது, ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு பாடுகிறேன் என்று சொல்லிவிட்டார். விழுந்த அந்தக் கஸ்டமருக்காக ஜெபம் செய்வதாகவும் சொன்னார். பேர் கேட்டார். பேர் தெரியாது என்றேன்.

மனைவியிடமிருந்து மறுபடியும் போன். மறுபடியும் கேட் என்றேன். அங்கிருந்து சிவகாசிக்குத் திரும்பியிருக்கலாம். நான் இருக்கன்குடிக்குத் திரும்பினேன். பூக்காரம்மாவின் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் விழவும் இல்லை, ஆடவும் இல்லை. செருப்பைப் போடவே இல்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்தார். நல்ல செருப்பாக இருக்கிறது, விசேஷத்துக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தாராம். கோயில் பக்கம் போகும்போது எப்படியும் வெறுங்கால்தானே என்றார். நான் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தது அவர் ஒருவர்தான். ஒருநாள்கூட மண்ணில் படாத அந்த ஜோடியை ஏதோ பெரிய ஆபத்திலிருந்து ஊரைக் காப்பாற்றினவன் மாதிரி பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மற்ற ஏழு பேருக்கும் வழியில் நின்று போன் செய்தேன். விழுந்தீர்களா என்று நேராகக் கேட்க முடியாமல் சௌக்கியமா என்று கேட்டேன். எல்லாரும் சௌக்கியம். ஒருவர், என்ன விசேஷம், வீட்டில் கல்யாணமா என்று கேட்டார்.

சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது போன் வந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அத்தான் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவரிடமும் பேசியிருக்கிறாள் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“நாலு மணி நேரமா கேட் போட்டிருக்கான். ரயிலு ரொம்ப நீளமோ?”

உள்ளே போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கட்டு போடும்போது நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அத்தானுக்கு அந்த மாதிரி நேரத்தில் தலை சுற்றும். நர்ஸ் ஒரு பெண்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

“எனக்குப் புதுச் செருப்பாலே?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் உடைந்தேன். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் போட்ட கோட்டையும் நான் போட்ட கோட்டையும் என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினேன். மண்டிக்குப் போனது, சாத்தூர் போனது, இருக்கன்குடி போனது, ஒருத்தரும் விழாதது, எல்லாம். கஸ்டமர் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். “கொழம்பாலே அது, கூட ஒரு கரண்டி ஊத்துறதுக்கு?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், கை வலித்து நிறுத்திக்கொண்டாள்.

பிறகு என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். நடந்ததில் ஒன்றுமே இல்லையாம். கேட்டிலிருந்து ஷெட்வரை வலி தெரியாமல் வந்திருக்கிறாள். விழுந்தது ஷெட் வாசலில். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் அதே வாசலில் கழற்றுகிறாள். ஒரு கையில் டிபன் பை, ஒரு கையில் தண்ணீர் கேன். குனிவதில்லை, சுவரைப் பிடிப்பதில்லை. பழைய ரப்பர் செருப்பாக இருந்தால் நடக்கிற நடையிலேயே ஒரு உதறு. என் செருப்புக்குக் குதிகாலில் வார் வைத்திருந்தேன், பாதம் வழுக்காமல் இருக்க. அந்த வாரை மறு கால் விரலால் அமுக்கிக் கழற்றிப் பழகியிருக்கிறாள். அன்றைக்கு அது கொஞ்சம் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் காலில், வளைந்த அடிப்பாகத்தின் மேல் நின்று அமுக்கினாள்.

அந்த மாதிரிச் செருப்பைப் போட்டு நான் மேட்டில் நடந்து பார்த்தேன், பள்ளத்தில் நடந்து பார்த்தேன், வேன் படியில் ஏறிப் பார்த்தேன். கழற்றிப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்து வரைந்த மூலப் படம் எந்த ஊரிலிருந்து வந்ததோ, அங்கே காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவார்கள் போலிருக்கிறது. இங்கே ஒரு நாளைக்கு எத்தனை வாசல். வீடு, கோயில், மருந்து ஷெட், சில டாக்டர் அறைகூட. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கால். நானே பட்டறைக்குள் நுழையும்போது கழற்றிவிட்டுத்தான் நுழைகிறேன், சாமி படம் இருப்பதால்.

“கம்பெனில கல்லு தடுக்கிருச்சுன்னுதான் சொல்லியிருக்கேன்” என்றாள் அக்கா. “உன் பேரச் சொல்லல. சொன்னா நாளப்பின்ன அங்கன யாரும் உன் செருப்ப வாங்க மாட்டாக.”

இதைவிட அவள் இரண்டு திட்டு திட்டியிருக்கலாம். நான் ஊரெல்லாம் சுற்றி என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே நாலு மணி நேரத்தில், அவளும் படுத்த இடத்திலிருந்து என் பேரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நாள் கட்டு என்று கேட்டேன். ஆறு வாரம் என்றாள். சரம் பின்ன இரண்டு கையும் வேண்டும். தீபாவளிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் பட்டறையில் என் கால் அளவுக்கு இரண்டு ஜோடி செய்தேன். ஒன்று டாக்டர் போடுகிற கோட்டில், இன்னொன்று அதற்கு அரை விரற்கடை பின்னால், அக்காவுக்குச் செய்த மாதிரியே. வாசலில் பழைய மெத்தையை விரித்துவிட்டு, ஒரு கையில் டிபன் பையும் ஒரு கையில் தண்ணீர் கேனுமாக நின்றேன். மனைவி, இந்த வயதில் இது தேவையா என்று கேட்டுவிட்டு எண்ணுவதற்கு நின்றாள். டாக்டர் கோட்டில் செய்த செருப்பை ஒற்றைக் காலில் நின்று ஐந்து தடவை கழற்றினேன். ஆடினேன், விழவில்லை. இன்னொன்றை ஐந்து தடவை கழற்றினேன். நாலு தடவை முன்னால் போய் மெத்தையில் விழுந்தேன்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சரி, அந்தக் கூடுதலை ராவி எடுத்துவிட்டு, வாரையும் வெட்டிவிட்டுக் கொண்டுவா என்றாள். செய்துகொடுத்தேன். மற்ற பத்து ஜோடியிலும் வாரை எடுத்துவிட்டு, காலை நுழைத்தால் பிடித்துக்கொள்கிற அகலப் பட்டை வைத்தேன். அந்தப் பத்துப் பேரில் யாரும் விழவில்லை. விழுந்தது அக்கா மட்டும், நான் கூட்டி வைத்த அரை விரற்கடையால். அந்த சீசன் முழுக்க அவள் வேலைக்குப் போகவில்லை.